கூலி என்ற சொல் குடியிருக்கும் ஊர்

கோலார் தங்கவயலில் தங்கம் எடுப்பது 2001-ல் நின்றுபோனது. ஆனால் ஒரு தமிழ்ச் சொல் ஆங்கிலத்துக்குப் போய், அர்த்தம் மாறி, தமிழரின் வீட்டு வாசலுக்கே திரும்பி வந்த கதையை அந்த ஊரின் லைன் வீடுகள் இன்னும் சுமந்து நிற்கின்றன.

பொழுது விடிவதற்கு முன்பே மாரிக்குப்பம் ரயில் நிலையம் விழித்துக்கொள்கிறது. சாப்பாட்டுப் பையுடன் ஆண்களும் பெண்களும் இருட்டில் வந்து ஏறுகிறார்கள். பெங்களூர் போகிற ரயில். சேம்பியன், உரிகம், கோரமண்டல் என்று ஒவ்வொரு நிலையத்திலும் கூட்டம் சேருகிறது. பங்காரப்பேட்டை வருவதற்குள் நிற்கக்கூட இடம் கிடைப்பது கஷ்டம். கட்டட வேலை, செக்யூரிட்டி வேலை, கடை வேலை, ஆபீஸ் வேலை என்று சுமார் நூறு கிலோமீட்டர் போய், இரவு அதே தடத்தில் திரும்புகிறவர்கள் இவர்கள். இவர்களில் பலருடைய தாத்தாக்களும் வேலைக்காகத் தினமும் தூரம் போனவர்கள்தான். அது கீழ்நோக்கிய தூரம். சேம்பியன் ரீஃப் சுரங்கம் தரைக்கு அடியில் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் இறங்கியிருந்தது.

இந்தக் கிளைப் பாதையின் பெயர்ப் பலகைகளைப் படித்துக்கொண்டு போனாலே ஒரு மொழிப்பாடம் கிடைத்துவிடும். கோரமண்டல் என்பது வேறொன்றுமில்லை, சோழமண்டலம்தான். போர்ச்சுகீசியர் வாயில் புகுந்து, ஆங்கிலேயர் வரைபடத்தில் ஏறி, அடையாளம் தெரியாமல் ஆகிவிட்ட சொல். சேம்பியன் ரீஃபில் உள்ள 'ரீஃப்' வடக்கு ஐரோப்பாவிலிருந்து வந்தது. பழைய நார்ஸ் மொழியில் அதற்கு விலா எலும்பு என்று அர்த்தம். விலா எலும்பு போலக் கடலில் துருத்தி நிற்கும் பாறைக்குக் கப்பலோட்டிகள் அந்தப் பெயரை வைத்தார்கள். பிறகு ஆஸ்திரேலியாவில் தங்கம் தேடியவர்கள், தங்கம் ஓடும் பாறைத் தொடரை ரீஃப் என்றார்கள். ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டை இரண்டிலும் தலை ஆங்கிலம், வால் தமிழ்.

ஆனால் இந்த ஊர் மக்களின் வாழ்க்கையோடு ஒட்டிக்கொண்ட சொல் பெயர்ப் பலகையில் இல்லை. அது அவர்களுடைய முகவரியில் இருந்தது. கம்பெனிக் காகிதங்களில் அவர்கள் குடியிருந்த இடத்துக்குப் பெயர் 'கூலி லைன்ஸ்'.

வரிசையாகக் கட்டிய வீடுகள்

'லைன்' என்பதற்கு லத்தீன் மூலம் சணல் நூலைக் குறிக்கும். இழுத்துப் பிடித்த நூல் போல நேராகக் கட்டியதெல்லாம் லைன். பட்டாளத்துக்கு லைன், போலீசுக்கு லைன். அதே கணக்கில் சுரங்கத் தொழிலாளிக்கும் லைன். ஆரம்பத்தில் மூங்கில் தட்டிக் குடிசைகள். ஒரு சிறு அறை. அதில்தான் சமையல், படுக்கை, பிள்ளைப்பேறு எல்லாம். இலங்கை மலையகத்தில் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன தமிழர்களுக்கும் இதே மாதிரி வரிசை வீடுகள்தான். அங்கே அந்தச் சொல் 'லயம்' ஆனது. தங்கவயலில் அது லைனாகவே நின்றது. இன்றும் ஊர்க்காரர்கள் சந்தித்துக்கொண்டால் "நீங்க எந்த லைன்?" என்றுதான் பேச்சு ஆரம்பிக்கும்.

லைன்களுக்கு ஆட்கள் வந்தது தங்கத்தால். 1802-ல் மைசூர் எல்லையை அளக்க வந்த லெப்டினன்ட் ஜான் வாரன், உரிகம், மாரிக்குப்பம் பக்கத்தில் கிராமத்தார் மண்ணை அரித்துத் தங்கம் எடுப்பதைப் பற்றி எழுதிவைத்தார். 1870-களில் நியூசிலாந்திலிருந்து வந்த மைக்கேல் லாவெல் என்ற முன்னாள் சிப்பாய் மைசூர் அரசிடம் உரிமை வாங்கித் தோண்டத் தொடங்கினார். அவரால் முடியவில்லை. 1880-ல் லண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் கம்பெனி உள்ளே வந்தது. அதற்குப் பிறகு எல்லாம் வேகம்தான். 1902-ல் காவிரியின் சிவசமுத்திரத்திலிருந்து சுரங்கங்களுக்கு மின்சாரம் வந்தது. பெங்களூர் தெருக்களில் மின்விளக்கு எரிந்தது அதற்கு மூன்று வருஷம் கழித்துத்தான்.

வேலையாட்களில் பெரும்பாலோர் தமிழர்கள். வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வந்தவர்கள். அவர்களில் மிகப் பெரும்பான்மையோர் தலித்துகள். ஊரில் அவர்கள் பண்ணையாள், படியாள். படியால் அளந்து போடும் தானியத்துக்கு உழைப்பவன் படியாள். கடன் தீரும்வரை, சில சமயம் தலைமுறை தீரும்வரை, அவன் அந்தப் பண்ணையை விட்டு நகர முடியாது.

தங்கவயலில் கிடைத்தது கையில் காசு. பாறையின் சூடு ஆழத்தில் 60 டிகிரி செல்சியசைத் தாண்டும். அழுத்தம் தாங்காமல் பாறை வெடித்து ஆளை மூடும். கல்தூசி நுரையீரலில் படிந்து உயிரைக் குடிக்கும். இவ்வளவும் தெரிந்தும் ஆட்கள் வந்தார்கள். பண்ணையாரைப் பார்த்து ஒதுங்கி நிற்க வேண்டாம், வேலை செய்த நாளைக்குக் காசு உண்டு என்பது பெரிய விஷயம். படியாளாக இருந்தவனுக்குக் கூலி என்பது ஒரு விதத்தில் விடுதலைச் சொல். அந்தச் சொல்லே அவனுக்கு வசைச்சொல்லாகத் திரும்பி வரும் என்று அப்போது யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

அகராதிக்காரர்களின் வழக்கு

தமிழில் கூலி என்றால் உழைப்புக்குக் கிடைக்கும் பலன். திருக்குறளின் ஆள்வினையுடைமை அதிகாரத்திலேயே இந்தச் சொல் இருக்கிறது. தெய்வத்தால் ஆகாத காரியத்தில்கூட உடம்பு வருந்தி உழைத்ததற்குத் தக்க பலன் கிடைக்கும் என்று சொல்லும் 619-ம் குறளில் வள்ளுவர் கையாளும் சொல் கூலிதான். அதில் இழிவின் நிழல்கூட இல்லை. கன்னடத்திலும் தெலுங்கிலும் இதே சொல் இதே பொருளில் உண்டு. மூன்று மொழிகளும் கலக்கும் தங்கவயலில் யாரும் யாருக்கும் மொழிபெயர்க்கத் தேவைப்படாத சொல் அது.

கூலம் என்றால் தானியம். தானியமாகக் கொடுத்ததால் கூலி என்று பெயர் வந்தது என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். சம்பளத்துக்கும் அதேபோல சம்பா நெல்லையும் உப்பு விளையும் அளத்தையும் சேர்த்து விளக்கம் சொல்வார்கள். ஆங்கில 'சாலரி'யின் லத்தீன் மூலத்திலும் உப்பு இருப்பது ஒரு சுவாரசியம். எப்படியோ, ஆபீசில் உட்காருகிறவர் வாங்கினால் சம்பளம், மண் வெட்டுகிறவர் வாங்கினால் கூலி என்று நாமே ஒரு கோடு கிழித்துவிட்டோம்.

ஆங்கிலத்தில் 'கூலி' என்றால் பணம் இல்லை, ஆள். சுமை தூக்குகிறவன், மண் சுமக்கிறவன். இந்த மாற்றம் எப்படி வந்தது என்பதில்தான் வழக்கு. 1886-ல் வெளிவந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' என்ற பிரசித்தி பெற்ற ஆங்கிலோ-இந்திய அகராதி, குஜராத், மேற்குக் கரைப் பக்கத்தில் வாழும் கோலி சமூகத்தின் பெயரை நோக்கிக் கையைக் காட்டுகிறது. போர்ச்சுகீசியர்கள் 16-ம் நூற்றாண்டில் அவர்கள் பெயரைத்தான் பொதுவாகக் கூலியாட்களுக்கு வைத்தார்கள் என்பது வாதம். அடிமை என்று பொருள்படும் துருக்கிச் சொல் ஒன்றும் சாட்சிக் கூண்டில் ஏறுகிறது. தமிழ்க் கூலியையும் அந்த அகராதி விட்டுவிடவில்லை. அதைத் தொகுத்த இருவரில் ஹென்றி யூல் ராணுவப் பொறியாளர். மற்றவரான ஏ.சி. பர்னெல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். சரஸ்வதி மகால் சுவடிகளுக்குப் பட்டியல் போட்டவர். புத்தகம் வெளிவருவதற்கு முன்பே, 1882-ல் காலமாகிவிட்டார்.

தீர்ப்பு இன்னும் முழுதாக வரவில்லை. மேற்கிலிருந்து ஒரு சாதியின் பெயரும் தெற்கிலிருந்து ஒரு கூலிச் சொல்லும் வந்து ஒன்றோடொன்று கலந்துவிட்டன என்பதுதான் பல அகராதிகளின் சமாதானம். ஆனால் இங்கே தமிழுக்கு என்று ஒரு கேள்வி இருக்கிறது. தமிழில் உழைப்பவனைச் சொல்ல வேண்டுமானால் கூலியாள் என்றோ கூலிக்காரர் என்றோ சொல்ல வேண்டும். கூலி தனி, ஆள் தனி. ஆங்கிலத்தில் அந்த 'ஆள்' காணாமல் போனான். வாங்கும் காசின் பெயரே மனிதனின் பெயர் ஆகிவிட்டது.

கப்பல் ஏறிய சொல்

பிரிட்டிஷ் காலனிகளில் அடிமை முறை ஒழிந்ததும் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. 1834-லிருந்து மொரிஷியசுக்கும், 1860-லிருந்து தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கும் ஒப்பந்தக் கூலிகள் கப்பல் ஏறினார்கள். நேட்டாலுக்கு முதல் கூட்டத்தை ஏற்றிச் சென்ற 'ட்ரூரோ' கப்பல் புறப்பட்டது சென்னையிலிருந்து. தங்கவயலுக்கு ஆள் அனுப்பிய அதே வட ஆற்காடும் சித்தூரும் நேட்டாலுக்கும் ஆள் அனுப்பின. அவர்கள் கைநாட்டு வைத்த 'அக்ரிமென்ட்' வடக்கத்தியர் வாயில் 'கிர்மிட்' ஆனது. அவர்களிடமிருந்து போன 'கூலி', உலகத்தின் வாயில் ஏச்சு ஆனது.

கலிஃபோர்னியா 1862-ல் ஒரு சட்டம் போட்டது. பெயர் 'கூலி எதிர்ப்புச் சட்டம்'. அது குறிவைத்தது சீனர்களை. சீன மொழி இந்தச் சொல்லை ஒலியும் பொருளும் பொருந்துகிற மாதிரி இரண்டு எழுத்துகளில் எழுதிக்கொண்டது. ஒன்றுக்கு அர்த்தம் கசப்பு, இன்னொன்றுக்கு வலிமை. கசப்பான உழைப்பு! சீனச் சொல்லே இதுதான் என்று நம்புகிறவர்கள் உண்டு.

தென்னாப்பிரிக்காவில் இந்தியர் என்றாலே கூலி. வியாபாரி 'கூலி வியாபாரி', வக்கீலாகப் போன காந்தி 'கூலி பாரிஸ்டர்'. இன்னொரு பெயர் 'சாமி'. முனுசாமி, ராமசாமி என்று தமிழ்ப் பெயர்கள் சாமியில் முடிந்ததால் வந்த கேலி. இந்த இரண்டு பெயர்களைப் பற்றியும் காந்தி தமது சுயசரிதையில் எழுதியிருக்கிறார். சாமி என்றால் எஜமானன் என்று அர்த்தம் சொல்லி வெள்ளைக்காரரை மடக்கிய இந்தியர்களையும் குறிப்பிடுகிறார்.

தங்கவயல் சொன்ன மறுப்பு

ஆங்கிலத்துக்குப் போன இன்னொரு தமிழ்ச் சொல்லும் தங்கவயல்காரர்களைத் தொடர்ந்து வந்தது. 'பரையா'. பறை கொட்டும் மக்களின் பெயர் 17-ம் நூற்றாண்டிலேயே ஆங்கிலத்தில் ஏறிவிட்டது. ஃபிரெஞ்சு எழுத்தாளர்கள் அதை எடுத்துக் கதை எழுதினார்கள், நாடகம் போட்டார்கள். இன்று உலக அரசியல் பக்கங்களில் எல்லோரும் ஒதுக்கிவைத்த நாட்டை 'பரையா' என்று எழுதுகிறார்கள். எழுதுகிறவர்களில் எத்தனை பேருக்கு அதற்குள் ஒரு தமிழ்த் தோற்கருவி இருப்பது தெரியும்?

தங்கவயலுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. ஏனென்றால் சொற்களின் வேரைத் தோண்டுகிற வேலையை இந்த ஊர் தொழிலாளிகள் ரொம்ப காலத்துக்கு முன்பே தொடங்கிவிட்டார்கள். அவர்களுக்கு வழிகாட்டியவர் பண்டிதர் அயோத்திதாசர். சித்த மருத்துவர், பௌத்தர், 1907-ல் சென்னையில் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' வார இதழின் ஆசிரியர். ஒடுக்கப்பட்டவர்கள் பூர்வ பௌத்தர்கள், இழிபெயர்கள் பகைவர்கள் பிறகு சூட்டியவை என்பது அவருடைய வாதம். அதை நிலைநாட்ட அவர் கையில் எடுத்த ஆயுதம் சொல்லாராய்ச்சி. சாதிப் பெயர், ஊர்ப் பெயர், பண்டிகைப் பெயர் எதையும் அவர் விடவில்லை. அவருடைய வேர்ச்சொல் விளக்கங்கள் எல்லாவற்றையும் இன்றைய மொழியியலார் ஏற்க மாட்டார்கள். ஆனால் பெயரை வைப்பவன் யார் என்று கேட்க வேண்டும் என்ற பாடம் தங்கவயலில் வேர்விட்டது.

மாரிக்குப்பத்திலும் சேம்பியன் ரீஃபிலும் அவருடைய சாக்கிய பௌத்த சங்கத்தின் கிளைகள் வலுவாக இருந்தன. 1914-ல் அவர் மறைந்த பிறகு அவருடைய எழுத்துகளை நூல்களாக அச்சிட்டது சேம்பியன் ரீஃபில் இயங்கிய சித்தார்த்தா புத்தகசாலை. நின்றுபோன 'தமிழன்' இதழை 1926-ல் ஜி. அப்பாதுரையார் தங்கவயலிலிருந்தே மறுபடி கொண்டுவந்தார். ஷிஃப்ட் முடிந்து மேலே வந்தவர்கள் காசு சேர்த்துப் பத்திரிகை நடத்திய ஊர் இது. கம்பெனிக் காகிதத்தில் கூலி, ஊர்க்காரர் வாயில் வேறொரு பெயர். தங்களுக்கான பெயரைத் தாங்களே அச்சுக் கோத்துக்கொண்டார்கள்.

1930-ல் அது சாலைக்கும் வந்தது. தொழிலாளர்களைக் கைரேகையுடன் பதிவு செய்யும் புது ஏற்பாட்டை நிர்வாகம் கொண்டுவந்தது. தங்கத் திருட்டைத் தடுக்கிறோம் என்ற பெயரில் ஏற்கெனவே ஆட்களைக் குடைந்து குடைந்து சோதனை போடும் ஊர். கைரேகை எடுப்பது குற்றவாளியிடம்தான் என்று தொழிலாளிகள் கொதித்தார்கள். ஆயிரக்கணக்கானோர் வேலைநிறுத்தத்தில் இறங்க, ஏறத்தாழ மூன்று வாரம் சுரங்கங்கள் ஸ்தம்பித்தன. இருபது வருஷத்துக்கு முன்பு டிரான்ஸ்வாலில் இந்தியர்கள் காந்தியின் தலைமையில் எதிர்த்து நின்றதும் கைரேகைப் பதிவைத்தான். இரண்டு இடங்களிலும் கேட்டது ஒரே கேள்வி: எங்களுக்கு அடையாளம் பெயரா, விரலா?

மிச்சம் இருப்பது

1956-ல் சுரங்கங்கள் மைசூர் அரசின் கைக்கு வந்தன. 1962-ல் மத்திய அரசு ஏற்றது. 1972-ல் பாரத் கோல்ட் மைன்ஸ் என்ற அரசு நிறுவனம் ஆனது. தொழிலாளி, ஊழியர் என்று காகிதங்களில் மொழி மாறியது. ஆனால் பாறை ஆழமாகப் போகப் போகத் தங்கம் குறைந்தது, செலவு ஏறியது. 2001 பிப்ரவரி 28-ம் தேதியோடு எல்லாம் முடிந்தது. 120 வருஷத்தில் இந்த மண் கொடுத்த தங்கம் சுமார் 800 டன். மூடிய பிறகு நிலுவைத் தொகைக்காகவும் குடியிருந்த வீட்டுக்காகவும் தொழிலாளர்கள் பல வருஷம் கோர்ட் வாசலில் நிற்க வேண்டியிருந்தது. கூலி என்று பெயர் வாங்கியவர்கள், கூலிக்காகவே மனுப் போட்டார்கள்.

இதற்கிடையே அந்தச் சொல்லுக்குப் புது வேஷங்கள் கிடைத்தன. சினிமாவில் கூலி என்றால் கதாநாயகன். 1983-ல் அமிதாப் பச்சன், 2025-ல் ரஜினிகாந்த். ரயில்வே துறைக்கு மட்டும் அது உறுத்தியது. 2016 ரயில்வே பட்ஜெட்டில், ஸ்டேஷனில் சுமை தூக்கும் கூலிகள் இனி 'சகாயக்' என்று அழைக்கப்படுவார்கள் என்று அறிவித்தார்கள். உதவியாளர் என்று அர்த்தம். பெயர் உயர்ந்ததில் யாருக்கும் வருத்தமில்லை. ஆனால் தமிழ் அறிந்தவர் கேட்கக்கூடிய கேள்வி ஒன்று உண்டு. கூலி என்ற சொல்லில் தப்பு எங்கே இருக்கிறது? உழைப்புக்குப் பலன் என்று வள்ளுவர் சொன்ன சொல் அது. ஆளை அழித்துவிட்டுக் கூலியை மட்டும் பெயராக வைத்ததில்தான் தப்பு.

தங்கவயலில் இப்போது கண்ணுக்குத் தெரிவது சயனைட் மேடுகள். அரைத்துத் தங்கம் பிரித்தபின் கொட்டிய கழிவு, வெளுத்த குன்றுகளாக ஊரைச் சுற்றி நிற்கிறது. காற்று அடித்தால் தூசி லைன் வீடுகளுக்குள் புகும். அந்த மேடுகளில் இன்னும் கொஞ்சம் தங்கம் மிச்சமிருக்கிறது. 13 மேடுகளை மறுபடி அரித்து அதை எடுக்கும் மத்திய அரசின் யோசனைக்கு 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் தந்தது. சுமார் ஆயிரம் ஏக்கர். செய்தி வந்ததும் லைன்களில் எழக்கூடிய முதல் கேள்வி தங்கம் எவ்வளவு என்பதாக இருக்காது. வேலை யாருக்கு, கூலி எவ்வளவு என்பதுதான்.

இரவு ரயில் மாரிக்குப்பம் திரும்புகிறது. சேம்பியனில் பாதிக் கூட்டம் இறங்கிவிடும். மிச்சம் இருப்பவர்கள் கடைசி நிலையத்தில் இறங்கி, நூல் பிடித்த மாதிரி நிற்கும் வீடுகளை நோக்கி நடக்கிறார்கள். "இன்னைக்குக் கூலி குடுத்துட்டாங்களா?" என்று ஒருவர் கேட்டால் இன்னொருவர் தொகையைச் சொல்வார். ஐரோப்பாவையும் ஆப்பிரிக்காவையும் சீனாவையும் சுற்றி வந்த சொல், இந்த நடைபாதையில் பழைய அர்த்தத்திலேயே புழங்குகிறது. இங்கே கூலி என்றால் பணம். அதைச் சம்பாதித்தவருக்கு வேறு பெயர் இருக்கிறது.